மிலானிலிருந்து ரோம் வரை: முசோலினி ஆட்சிக்கு வந்த வழியில்

மிலான், திங்கள்

பியாட்சா சான் செபோல்க்ரோவைப் பார்ப்பதற்கென்று மிலானுக்கு வருபவர்கள் குறைவு. பேராலயத்திலிருந்து சில நிமிட நடைதான். ஒரு பழைய தேவாலயம், பக்கத்தில் அம்ப்ரோசியானா நூலகம், சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் பலாட்சோ கஸ்தானி என்ற மாளிகை. அதில் இப்போது காவல்துறை அலுவலகம் இருக்கிறது. 1919 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, இந்த மாளிகையில் வணிகர்களின் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான கூட்ட அறையில்தான் பெனிடோ முசோலினி தன் பாசிச இயக்கத்தைத் தொடங்கினார்.

வந்திருந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்காது. போரிலிருந்து திரும்பிய அதிரடிப் படை வீரர்கள், பழைய சோசலிஸ்டுகள், வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றிய ஃபியூச்சரிஸ்ட் கவிஞர்கள். பின்னாளில் ஆட்சி கைக்கு வந்தபின் "அன்று நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்வதற்குச் சலுகைகள் கிடைத்தன. அப்புறம் என்ன, இருந்தவர்களின் எண்ணிக்கை வருடா வருடம் கூடியது.

முசோலினி 1914 வரை சோசலிஸ்ட் கட்சி நாளிதழான 'அவான்தி'யின் ஆசிரியர். முதல் உலகப் போரில் இத்தாலி இறங்க வேண்டும் என்று எழுதியதால் கட்சி அவரை நீக்கியது. நீக்கப்படும் முன்பே, அந்த நவம்பரிலேயே, 'இல் போபோலோ தித்தாலியா' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். இத்தாலியத் தொழிலதிபர்களிடமிருந்து பணம் வந்தது, பிரான்சிலிருந்தும் வந்தது. 1917 இலையுதிர்காலத்திலிருந்து பிரிட்டிஷ் உளவுத்துறை வாரத்துக்கு 100 பவுண்டு கொடுத்திருக்கிறது. அந்தப் பத்திரிகையின் அலுவலகம் இருந்த வியா பாவ்லோ தா கன்னோபியோ தெருவிலும் நடந்து பார்த்தேன். இன்று அது சாதாரணக் கடைத்தெரு.

1919ல் அவர்கள் வெளியிட்ட திட்டத்தைப் படித்தால் ஒரு இடதுசாரிக் கட்சியின் அறிக்கை என்றே தோன்றும். பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, போரில் சம்பாதித்த லாபத்தில் 85 சதவீதம் பறிமுதல், திருச்சபைச் சொத்துகளையும் பறிமுதல் செய்வது. அந்த நவம்பரில் தேர்தல் வந்தது. மிலானில் பதிவான சுமார் 2,70,000 வாக்குகளில் முசோலினியின் பட்டியலுக்கு விழுந்தவை 4,657. ஓர் இடம்கூட இல்லை. சோசலிஸ்டுகள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசல் வழியாகவே ஊர்வலம் போனார்கள், அவருடைய அரசியல் செத்துவிட்டது என்று சொல்லி.

அவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 39 வயதில், அதே மனிதர் இத்தாலியின் பிரதமர். இடையில் என்ன நடந்தது என்பதை அது நடந்த ஊர்களுக்கே போய்ப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பயணம்.

அன்றைய நாட்டு நிலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலி போரில் வென்ற நாடு. 6 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களைப் பறிகொடுத்திருந்தது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 5 லிரா. 1920 முடியும்போது சுமார் 28. சம்பளம் வாங்குபவனும் சிறுசேமிப்பு வைத்திருந்தவனும் நசுங்கிப்போனார்கள். வென்றும் கேட்ட நிலம் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் வேறு.

1919ல் விகிதாசாரத் தேர்தல் முறை வந்தது. 508 இடங்களில் சோசலிஸ்டுகளுக்கு 156, கத்தோலிக்கர்களின் மக்கள் கட்சிக்கு 100. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு நிலையான ஆட்சிக்கு அடித்தளம் கிடைத்திருக்கும். சேரவில்லை. ஒரு கட்சி புரட்சி வரப்போகிறது என்று பேசிக்கொண்டே அதற்கான எதையும் செய்யாமல் இருந்தது. இன்னொன்றுக்குக் கடவுள் மறுப்பாளர்களோடு உட்கார மனமில்லை. ஆகவே பழைய லிபரல் தலைவர்களே இரவல் பெரும்பான்மையோடு மாறி மாறி ஆண்டார்கள்: நித்தி, ஜொலித்தி, பொனோமி, ஃபாக்தா. மூன்றரை ஆண்டுக்குள் நான்கு பிரதமர்கள்.

பார்மா, செவ்வாய்

கால வரிசைப்படி இது பின்னால் வரவேண்டிய கதை. ரயில் இந்த வழியாகத்தான் போகிறது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

பார்மா நகரின் நடுவே அதே பெயரில் ஓர் ஆறு ஓடுகிறது. அக்கரையில் ஓல்த்ரெதொரெந்தே என்ற பகுதி, நெருக்கமான தெருக்கள், காலம் காலமாக உழைப்பாளிகள் வாழ்ந்த இடம். 1922 ஆகஸ்டில் பாசிச வன்முறையை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். மற்ற ஊர்களில் முசோலினியின் கருஞ்சட்டைப் படைகள் அதைச் சில நாட்களில் அடித்து நொறுக்கின. பார்மாவுக்குப் பாசிசப் படைத் தலைவர் இதாலோ பால்போ ஆயிரக்கணக்கானவர்களோடு வந்தார். அக்கரை மக்கள் தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்தார்கள், மேசை நாற்காலி, தேவாலய பெஞ்சு வரை கொண்டுவந்து தடுப்பு கட்டினார்கள். தலைமை தாங்கியவர் குயிதோ பிசெல்லி, போரில் பதக்கம் வாங்கியவர். சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட், கத்தோலிக்கர், அனார்கிஸ்ட் என்று மற்ற ஊர்களில் முகம் பார்க்காதவர்கள் இங்கே ஒரே தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள். சில நாள் சண்டைக்குப் பின் பால்போவின் ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

பல ஆண்டுகள் கழித்துப் பால்போ விமானப் படையுடன் அட்லாண்டிக்கைக் கடந்து உலகப் புகழ் பெற்றபோது, இங்கே யாரோ ஒருவர் ஊர்ப் பேச்சிலேயே ஆற்றோரச் சுவரில் எழுதினாராம்: பால்போ, நீ அட்லாண்டிக்கைத் தாண்டினாய், பார்மாவைத் தாண்டவில்லை.

பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். கோடையில் நடந்தே கடக்கக்கூடிய ஆறு இது. அக்கரையில் ஒன்றாக நின்ற மக்களைத்தான் பால்போவால் தாண்ட முடியவில்லை. பாசிஸ்டுகளை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது என்று யாராவது சொன்னால் பார்மாவின் பெயரைச் சொல்லலாம்.

பொலோனியா, பிறகு ஃபெராரா, புதன்

முசோலினியின் இயக்கம் மிலானில் பிறந்தது, வளர்ந்தது இந்தப் போ ஆற்றுச் சமவெளியில். ரயிலின் இரண்டு பக்கமும் தட்டையான வயல்கள், வாய்க்கால், வரிசை வரிசையாக மரங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் யாருக்கும் இந்த நிலம் பழகியதாகவே தோன்றும்.

இங்கே லட்சக்கணக்கான நிலமற்ற கூலிகள் இருந்தார்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே வேலை. அவர்கள் 'லேகா' என்ற சங்கங்களில் திரண்டார்கள். 1920 வாக்கில் பல இடங்களில் சங்கத்தின் வழியாகத்தான் ஆள் எடுக்க முடியும் என்ற நிலை வந்தது. இத்தனை ஏக்கருக்கு இத்தனை பேர், குளிர்காலத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கம் சொல்லும். தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்றவன் கணக்குக் கேட்கிறான் என்பது நிலக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. சங்கங்களும் நல்ல பிள்ளைகள் மட்டுமல்ல. கட்டளையை மீறிய சிறு விவசாயியையும் குத்தகைக்காரனையும் ஒதுக்கிவைத்தார்கள், வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்கள். அப்படி அடிபட்ட சிறு விவசாயிகள் பலர் பிறகு மறுபக்கம் போனார்கள்.

பொலோனியாவின் பியாட்சா மஜ்ஜோரேயில் நிற்கும் நகராட்சி மாளிகைக்குப் பலாட்சோ தக்கூர்சியோ என்று பெயர். 1920 நவம்பர் 21, புதிய சோசலிஸ்ட் மேயர் பதவியேற்ற நாள். பாசிஸ்டுகள் சதுக்கத்துக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்தார்கள். மாளிகைக்குள் காவலுக்கு இருந்த சோசலிஸ்டுகள் பதற்றத்தில் கீழே குண்டு வீச, அவை தங்கள் கூட்டத்தின் மீதே விழுந்தன. பத்து பேர் செத்தார்கள். உள்ளே மன்ற அறையில் ஜூலியோ ஜொர்தானி என்ற எதிர்க்கட்சி உறுப்பினரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முன்னாள் போர்வீரர். மறுநாளிலிருந்து நாடு முழுக்கப் பத்திரிகைகளில் பேசப்பட்டது அந்த ஒரு மரணம்தான். அரசு நகராட்சியைக் கலைத்தது. தேர்தலில் வென்றவர்களைத் துப்பாக்கியால் வெளியேற்றலாம், தண்டனை கிடைக்காது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அதே மாளிகையின் பக்கத்துச் சுவரில், நெப்டியூன் நீரூற்றுக்கு எதிரே, 1943-45ல் பாசிஸ்டுகளையும் நாஜிகளையும் எதிர்த்துப் போராடி இறந்தவர்களின் சிறு சிறு படங்கள் நூற்றுக்கணக்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. நிறைய பேர் இருபதைத் தாண்டாதவர்கள். அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். மேயரை விரட்டிய நாளுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் இடையில் இருபத்தைந்து வருடம்கூட இல்லை.

மாலை ஃபெராரா. நான்கு கோபுரங்களும் அகழியுமாக எஸ்தென்சே கோட்டை ஊர் நடுவில் நிற்கிறது. 1920 டிசம்பர் 20 அன்று இந்தக் கோட்டையடியில் மோதல் நடந்து இரு தரப்பிலும் உயிர் போனது. அதன் பிறகு சில மாதங்களில் மாகாணமே பாசிஸ்டுகள் கையில். பால்போ இந்த மாவட்டத்துக்காரர்தான். 24 வயதில் அவரைத் தலைவராக வைத்துச் சம்பளம் கொடுத்தவர்கள் நிலக்காரர்கள்.

முறை எளிமையானது. இரவில் லாரியில் வருவார்கள். சங்கக் கட்டடத்தை எரிப்பார்கள், சங்கத் தலைவரை வீட்டிலிருந்து வெளியே இழுப்பார்கள். குண்டாந்தடி, இல்லையென்றால் விளக்கெண்ணெய். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி கொடுத்த அதே எண்ணெயை, வாயைப் பிளந்து, பாட்டில் கணக்கில் ஊற்றினார்கள். உயிர் பிழைத்தாலும் ஊரார் முன் மனிதன் தலை தூக்க முடியாத அவமானம் அது. அடுத்த நாள் அவர் ராஜினாமா செய்வார். அடுத்த வாரம் அந்தச் சங்கத்து ஆட்களையே பாசிச சங்கத்தில் சேர்ப்பார்கள், சேர்ந்தால்தான் வேலை.

போலீஸ் எங்கே போயிற்று? பல இடங்களில் பக்கத்திலேயே நின்றது. ராணுவ அதிகாரிகள் லாரியும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். நீதிமன்றங்கள் சோசலிஸ்டுகளைச் சிறைக்கு அனுப்பின, எதிர்த் தரப்பை வீட்டுக்கு அனுப்பின. ரோமில் பிரதமராக இருந்த ஜொலித்தி பழுத்த அரசியல்வாதி, அப்போது வயது எழுபத்தெட்டு. இந்த முரட்டுப் பையன்களைச் சோசலிஸ்டுகளை அடக்கக் கொஞ்ச காலம் பயன்படுத்தலாம், நாடாளுமன்றத்துக்குள் வந்தால் தானாக அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தார். 1921 மே தேர்தலில் தன் கூட்டணிப் பட்டியலிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 35 பாசிஸ்டுகள் உள்ளே வந்தார்கள், முசோலினி உட்பட. 1919ல் தனியாக நின்று ஒன்றும் வாங்க முடியாதவர், நாட்டின் மிகப் பெரிய மூத்த தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு சபைக்குள் வந்தார். என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையின் திருப்பம் ரோம் அணிவகுப்பு அல்ல, இந்தத் தேர்தல்தான்.

ஃப்ராத்தா பொலேசினே, வியாழன்

ரோவிகோவுக்குப் பக்கத்தில் சின்ன ஊர். கட்டடக் கலை படித்தவர்கள் பல்லாதியோ கட்டிய வில்லா பதோயெருக்காக வருவார்கள். நான் வந்தது சோசலிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்கோமோ மத்தேயோத்தியின் வீட்டுக்கு. இப்போது அது அருங்காட்சியகம்.

வசதியான நிலக்காரக் குடும்பம். சட்டம் படித்தவர். அண்ணனும் தம்பியும் காசநோயில் போனார்கள். சொத்துள்ள வீட்டுப் பிள்ளை கூலிகளின் பக்கம் போய் நின்றதை இந்தப் பகுதி நிலக்காரர்கள் மன்னிக்கவேயில்லை. 1921 மார்ச்சில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் மணிக்கணக்கில் துன்புறுத்தி, இந்த மாவட்டத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று விரட்டினார்கள். சொந்த ஊருக்கு அவரால் நிம்மதியாக வர முடியாமல் போயிற்று.

அவருடைய பலம் புள்ளிவிவரம். வரவுசெலவுக் கணக்கை வரி வரியாகப் படிப்பவர். எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரை அடித்தார்கள், எந்தக் கட்டடம் எரிந்தது என்று பட்டியல் போட்டு அச்சிட்டார். வீட்டின் அறைகளில் நடக்கும்போது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. அன்று மேடைதோறும் உரத்த குரல்கள் இருந்தன. தேதியும் பெயரும் எழுதி வைத்தவர்கள் குறைவு.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதிக்கும் போய்வந்தேன்.

ரோம், வெள்ளி

குவிரினாலே மாளிகை, அன்று அரசர் இருந்த இடம், இன்று குடியரசுத் தலைவர் இருக்கும் இடம்.

1922 அக்டோபர் 24 அன்று நேப்பிள்ஸில் பாசிஸ்டுகள் மாநாடு நடத்தினார்கள். 27ஆம் தேதி இரவிலிருந்து வட இத்தாலி, மத்திய இத்தாலி ஊர்களில் தந்தி அலுவலகங்களையும் ரயில் நிலையங்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். சாந்தா மரினெல்லா, மொந்தெரோதோந்தோ, திவோலி என்று ரோமைச் சுற்றி மழையில் நனைந்துகொண்டு கூடினார்கள். பலரிடம் வேட்டைத் துப்பாக்கி, பலரிடம் தடி. சாப்பாடுகூடச் சரியாக இல்லை. தலைநகரில் இருந்த ராணுவம் சுமார் 28,000 பேர், பயிற்சி பெற்றவர்கள், பீரங்கியோடு.

பிரதமர் ஃபாக்தாவின் அமைச்சரவை அதிகாலையில் கூடி ராணுவச் சட்டம் அறிவிக்க முடிவு செய்தது. மாகாண அதிகாரிகளுக்குத் தந்தி போயிற்று, சுவரொட்டி ஒட்டினார்கள். 28ஆம் தேதி காலை ஃபாக்தா கையெழுத்து வாங்க இந்த மாளிகைக்கு வந்தார். மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே கையெழுத்துப் போட மறுத்தார்.

ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பயந்தாரா, படையின் மீது நம்பிக்கை இல்லையா, தன் உறவினரான அவோஸ்தா கோமகனை அரியணையில் ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சமா? அவரைச் சந்தித்துப் பேசிய தளபதிகளும் பெரிய மனிதர்களும் முசோலினியை உள்ளே சேர்த்துக்கொள்வதே நல்லது என்ற எண்ணத்தில்தான் இருந்தார்கள். காரணம் எதுவானாலும், ஒட்டிய சுவரொட்டியைக் கிழிக்க ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

இத்தனை நடக்கும்போது முசோலினி ரோமில் இல்லை. மிலானிலேயே இருந்தார், நிலைமை மோசமானால் சுவிஸ் எல்லை பக்கம். அரசரின் அழைப்பு எழுத்தில் வந்தால்தான் புறப்படுவேன் என்று காத்திருந்து, 29ஆம் தேதி இரவு படுக்கை வசதியுள்ள ரயிலில் ஏறினார். (இன்று நாம் பார்க்கும் பிரம்மாண்டமான மிலான் மத்திய நிலையம் 1931ல் திறந்தது. அவர் ஏறியது அதற்கு முன்பிருந்த பழைய நிலையத்தில், இன்றைய பியாட்சா ரெபூப்ளிகா பக்கம்.) 30ஆம் தேதி காலை ரோமில் இறங்கினார். அன்றே பிரதமர். 31ஆம் தேதிதான் கருஞ்சட்டைகள் ஊர்வலமாக நகருக்குள் போனார்கள். வேலை முடிந்த பிறகு நடந்த அந்த ஊர்வலத்தைத்தான் இருபது ஆண்டுகள் புரட்சி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ரோம், சனி

மொந்தெச்சித்தோரியோ, நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை.

1922 நவம்பர் 16 அன்று முசோலினி இங்கே நின்று, காது கேளாத இந்தச் சாம்பல் நிற மண்டபத்தை என் படைகளின் கூடாரமாக ஆக்கியிருக்க முடியும் என்று சபை உறுப்பினர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிறகு நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 306, எதிர்ப்பு 116. அவருடைய கட்சிக்கு இருந்தது 35 பேர். மற்றவர்கள் யார்? ஜொலித்தி ஆதரித்தார். முன்னாள் பிரதமர்கள் ஓர்லாந்தோ, பொனோமி ஆதரித்தார்கள். மக்கள் கட்சியினர் அமைச்சரவையிலேயே இருந்தார்கள். போருக்குப் பிறகு ஜனநாயக இத்தாலியைக் கட்டிய தே காஸ்பெரியும் அன்று ஆதரவாகத்தான் வாக்களித்தார். நல்லவர்களும் இருந்த பட்டியல் அது. அமைச்சர் பொறுப்பு வந்தால் பேச்சு குறையும், ஒழுங்கு திரும்பும், ஓராண்டில் எல்லாம் சரியாகும் என்று நம்பினார்கள்.

அந்த ஓராண்டில் நடந்தது வேறு. கருஞ்சட்டைப் படை அரசுச் சம்பளம் வாங்கும் மிலீசியா ஆனது. 1923ல் அச்செர்போ சட்டம் வந்தது: 25 சதவீத வாக்குகளாவது வாங்கி முதலிடம் வரும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம். ஆயுதம் தாங்கியவர்கள் சுற்றி நிற்க, சபையே தன் கழுத்துக்குக் கயிறு முடித்தது. எதிர்த்த மக்கள் கட்சியின் தலைவர் ஸ்தூர்த்சோ ஒரு பாதிரியார். வாத்திக்கனின் அழுத்தத்தில் ஏற்கெனவே பதவி விலகியிருந்தார்.

1924 ஏப்ரல் 6 தேர்தலில் அரசுப் பட்டியல் சுமார் 65 சதவீதம் வாங்கியது. மே 30 அன்று மத்தேயோத்தி எழுந்து, இந்தத் தேர்தல் செல்லாது என்றார். கூச்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெஜ்ஜியோ எமிலியாவில் அன்தோனியோ பிச்சினினி என்ற வேட்பாளர், அச்சுத் தொழிலாளி, கொலை செய்யப்பட்டார். வேட்புமனுவுக்குக் கையெழுத்துத் திரட்டக்கூட விடவில்லை. போ சமவெளியில் ஒவ்வொரு வாக்காளருக்கும், வாக்குச்சீட்டில் எழுத வேண்டிய வேட்பாளர் எண்களின் வெவ்வேறு சேர்க்கையைக் கொடுத்து, எண்ணும்போது யார் கீழ்ப்படிந்தார் என்று கண்டுபிடித்தார்கள். ரகசிய வாக்கு என்பது பெயருக்குத்தான் இருந்தது.

உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம், எனக்கு இரங்கல் உரை தயார் செய்யுங்கள் என்றாராம்.

ஜூன் 10 மாலை, வியா பிசனெல்லி வீட்டிலிருந்து நடந்து வந்தவரை டைபர் ஆற்றங்கரைச் சாலையில் ஐந்து பேர் லான்சியா காருக்குள் இழுத்துப் போட்டார்கள். அந்தச் சாலை லுங்கோதேவெரே அர்னால்தோ தா ப்ரேஷியா. இன்று அங்கே ஒரு வெண்கல நினைவுச்சின்னம் நிற்கிறது. சாலையில் வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன. சுற்றித் திரிந்த அந்தக் காரின் மீது சந்தேகப்பட்டு அக்கம்பக்கத்தார் எண்ணைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் விசாரணை முசோலினியின் அலுவலகத்து ஆட்கள் வரை போயிற்று.

நாடு அதிர்ந்தது. சட்டையில் குத்தியிருந்த பாசிசச் சின்னத்தைக் கழற்றியவர்கள் ஏராளம். எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்து வெளியேறின, அரசர் தலையிடுவார் என்று காத்திருந்தன. அரசர் தலையிடவில்லை. எதிர்க்கட்சிகள் சபைக்கும் திரும்பவில்லை, தெருவுக்கும் இறங்கவில்லை. மனசாட்சிப்படி நடந்தார்கள், நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதம் காத்திருந்தது பெரும் பிழை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி பாதி காலியான சபைக்கு வந்து, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, நான் மட்டுமே என்று அறிவித்தார். யாரும் அவரைக் கைது செய்யவில்லை. 1926 நவம்பரில் மற்றக் கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன, வெளியேறிய உறுப்பினர்களின் பதவி பறிக்கப்பட்டது, தனி நீதிமன்றம் வந்தது.

ரியானோ, ஞாயிறு

ஃப்ளாமீனியோவிலிருந்து வடக்கே போகும் சிறு ரயில். நகரிலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கலாம். குவார்த்தரெல்லா என்ற காட்டுப் பகுதியில்தான் 1924 ஆகஸ்ட் 16 அன்று மத்தேயோத்தியின் உடல் கிடைத்தது. கடத்தி இரண்டு மாதத்துக்குப் பிறகு. சாலையோரத்தில் நினைவிடம் இருக்கிறது, யாரோ வைத்த பூக்கள் இருந்தன.

கொலை வழக்கை ரோமிலிருந்து தூர ஊரான கியேத்திக்கு மாற்றினார்கள். 1926 மார்ச்சில் விசாரணை. கடத்தல் கும்பலின் தலைவன் அமெரிகோ தூமினிக்காக வாதாடிய வழக்கறிஞர் ரொபெர்த்தோ ஃபரினாச்சி, அப்போது பாசிசக் கட்சியின் செயலாளர். மூவருக்கு ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த தண்டனை. பொதுமன்னிப்பில் பெரும்பகுதி கழிந்து, இரண்டு மாதத்தில் வெளியே வந்தார்கள். மத்தேயோத்தியின் மனைவி வேலியா, உண்மையான வழக்கு கரைந்துபோய் அதன் நிழல்தான் மிஞ்சியிருக்கிறது என்று நீதிமன்றத்துக்கு எழுதி விலகிக்கொண்டார்.

போர் முடிந்து 1947ல் அதே வழக்கை மறுபடி நடத்தினார்கள். தூமினிக்கும் வேறு இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அது 30 ஆண்டாகக் குறைந்தது. 1950களில் தூமினி விடுதலையானார்.